சக்கரம் வைத்த வீட்டில் ஒரு மார்கழி

அமெரிக்கா போய்த் திரும்பியவளிடம் மயிலாப்பூரில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "நயாகரா பார்த்தேளா?" பார்க்கவில்லை. நான் பார்த்தது அரிசோனாவில் ஒரு பாலைவனம். முள், கல், மணல், பன்றி மாதிரி ஒன்று, நரி மாதிரி ஒன்று, புருஷன் மாதிரி ஒருவர்.

மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் உயிரியல் டீச்சர். வீடு மந்தைவெளியில். என் கணவர் பத்மநாபன் எண்பதுகளில் "ரெண்டே வருஷம், ராஜி" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிய இன்ஜினியர். அவர் போன கொஞ்ச நாளிலேயே என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு அமெரிக்கா போக முடியாது, விட்டுவிட்டும் போக முடியாது. அதனால் நான் இருந்தேன். எட்டு வருஷம் இருந்தேன். இவர் நடுவில் மூன்று தடவை வந்தார். மற்றபடி போட்டோக்கள் வரும். மாடி வைத்த வீடு, முன்னால் புல்வெளி, ஒரு பெரிய மரம்.

மாமியார் போய் நான்கு வருஷம் ஆகப் போகும் சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "ரிடையர் ஆயிட்டேன். இனிமே எனக்கு நேரம் இருக்கு. நீ வா" என்றார். பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தேன். "திரும்பி வருவீங்களா, இல்ல அப்படியே ராஜினாமாதானா?" என்று தலைமையாசிரியை கேட்டார். வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பீனிக்ஸ் விமான நிலையத்தில் அவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அரை டிராயர், தொப்பி, கழுத்தில் பைனாகுலர், கருவாட்டு நிறத்தில் கால்கள். பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

"ஆத்துக்குப் போக எவ்ளோ நேரமாகும்?" என்று கேட்டேன்.

"ஆத்துக்கு வந்தாச்சு" என்று வண்டிகள் நிற்கும் இடத்தைக் காட்டினார்.

பல்லவன் பஸ்ஸை விடக் கொஞ்சம் குட்டையாக, வெள்ளையாக ஒரு வண்டி நின்றது. ஆர்வி என்று சொல்கிறார்கள். உள்ளே ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, குனிந்து நுழைய ஒரு கக்கூஸ், மடக்கினால் படுக்கையாகும் ஒரு மேஜை.

"மாடி வீடு?"

"போன வருஷமே வித்துட்டேன். சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லலை."

புது வீட்டில் முதலில் ஏற்றலாம் என்று என் மாமியாரின் வெள்ளி விளக்கைப் புடவைக்குள் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "அதெல்லாம் இங்க ஏத்தாதே. கேஸ் இருக்கு" என்றார். விளக்கு மறுபடி புடவைக்குள் போனது.

மறுநாள் பாலைவனத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். ஆள் இல்லாத இடம் என்று நினைத்தேன். வெட்டவெளி முழுக்க எங்களுடையதைப் போல வண்டிகள். வடக்கே பனி கொட்டும்போது கிழவர்களும் கிழவிகளும் இப்படித் தெற்கே வந்து, குளிர்காலம் முழுக்கத் தங்கிவிட்டுப் போகிறார்கள். பனிப்பறவைகள் என்றே அவர்களுக்குப் பெயராம். வேடந்தாங்கல் ஞாபகம் வந்தது. என்ன, அங்கே வருகிற பறவைகள் குஞ்சு பொரிக்க வருகின்றன. இவர்கள் குஞ்சுகளிடமிருந்து தப்பித்து வந்தவர்கள்.

என் கணவரை அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பத்மநாபன் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையாததால் சுருக்கிக் கூப்பிட்டார்கள். "ஹலோ பேடி!" "பேடி, உன் மனைவியா?" தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் மட்டும் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டியின் தொட்டியில் இருக்கும் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும். தீர்ந்தால் ஊருக்குள் ஓட்டிக்கொண்டுபோய் நிரப்ப வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரில் கால் கழுவுவது எப்படி என்று எனக்கு வகுப்பு எடுத்தார்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவளுக்கு! அரை பக்கெட்டில் தலை குளித்துக் காட்டினேன். பக்கத்து வண்டிக் கிழவர் கை தட்டினார். மந்தைவெளியில் இதற்குப் பெயர் தண்ணீர்க் கஷ்டம். அங்கே இதற்குப் பெயர் எளிய வாழ்க்கை.

அன்று சாயங்காலம் அடுத்த வண்டியிலிருந்து டோரதி என்ற கிழவி ஒரு சட்டி நிறைய பீன்ஸ் குழம்பு கொண்டுவந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். ஒல்லியாக, உயரமாக இருப்பாள். காலடியில் எப்போதும் ஒரு சடை நாய்.

"இதில் மாமிசம் உண்டா?" என்று கேட்டேன்.

"கிடையவே கிடையாது" என்றாள். பிறகு யோசித்து, "பன்றி கொஞ்சம் போட்டிருக்கிறேன். ருசிக்காக" என்றாள்.

நான் அப்பளம் சுட்டு ரசம் சாதம் சாப்பிட்டேன். இவர் அந்தக் குழம்பை ரொட்டியில் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பழகிடுத்து" என்றார்.

காலையில் விடிவதற்கு முன் நடக்கக் கிளம்புவோம். குளிர் என்றால் மார்கழிக் குளிர் இல்லை, பல்லைப் பிடுங்குகிற குளிர். புடவைக்கு மேல் அவருடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, காலில் டோரதி கொடுத்த பூட்ஸோடு நடந்தேன். முதல் நாள் ஒரு கள்ளி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. இவர் பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்து முள்ளைத் தட்டிவிட்டார். சீப்பு அதற்காகவே வைத்திருக்கிறாராம்.

பொய் சொல்ல மாட்டேன், அந்த இடம் அழகாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் பாடம் நடத்தி, வண்டலூருக்கும் கிண்டிக்கும் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனதைத் தவிர நான் காட்டில் ஒரு மிருகத்தையும் பார்த்தவள் இல்லை. அங்கே சகுவாரோ என்று ஒரு கள்ளி, இரண்டு ஆள் மூன்று ஆள் உயரத்துக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதில் மரங்கொத்தி குடைந்த பொந்துகள். தலையில் காற்புள்ளி மாதிரி கொண்டை வைத்த காடைகள் வரிசையாகப் பாதையைக் கடக்கும். பறக்காமல் ஓடுகிற ஒரு பறவை, வாயில் பல்லியோடு எங்கள் முன்னால் நின்று முறைத்துவிட்டுப் போனது. நம் அடையாற்றுத் தோட்டங்களில் திருடன் மாதிரி நடக்கும் செம்போத்துக்கு அது ஒன்றுவிட்ட உறவு. நான் அதைச் சொன்னதும் இவர் நின்று என்னைப் பார்த்தார். "ஒனக்கு இவ்ளோ தெரியுமா?" என்றார். இருபது வருஷமாக நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது.

இன்னொரு நாள், அந்த வெயிலை வீணாக்க மனசு வராமல், கொண்டுபோன அரிசி மாவில் கூழ் கிளறி வண்டிக்கு வெளியே ஒரு மடக்கு மேஜையைப் போட்டு, துணி விரித்து வடாம் பிழிந்தேன். டோரதிக்கு ஒரே ஆச்சரியம். "இது எதற்கு?" என்றாள். காய வேண்டும் என்றேன். மத்தியானம் கண் அசந்துவிட்டு எழுந்தால் வெளியே கடமுட என்று சத்தம். ஹவலீனா என்ற மிருகங்கள் ஒரு கூட்டமாக வந்து மேஜையைச் சாய்த்து வடாமைத் துணியோடு மென்றுகொண்டிருந்தன. பார்க்கப் பன்றி, ஆனால் பன்றிக் குடும்பமே இல்லை. நான் கரண்டியை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன்.

"ஷ்ஷ்! அசையாதே!" என்று இவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இவ்ளோ கிட்ட வந்ததே இல்ல."

"என் வடாம்!"

"வடாம் கெடக்கு. அந்தக் குட்டியைப் பாரு."

அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். கடைசி வடாம் தீர்கிறவரை பார்த்தார். அந்த முகத்தில் இருந்த கனிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று சூரியன் இறங்கும்போது ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் கயோட்டி என்ற நரி மாதிரி மிருகங்கள் ஒன்று மாற்றி ஒன்று ஊளையிட்டன. இவர் என் கையை எடுத்துத் தன் கோட் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். சரி, சக்கரம் இருந்தால் என்ன, வீடு வீடுதானே என்று தோன்றியது. தலைமையாசிரியைக்கு எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து டோரதியின் வண்டி நிழலில் உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுபோன அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு மெஷினால் நாய்க்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இதே மெஷினால்தான் உன் புருஷனுக்கு மொட்டை அடித்தேன்" என்றாள்.

சிரித்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"நிஜம். என் வீட்டுக்காரர் வால்டர் இறந்த வருஷம் அது. இலையுதிர் காலத்தில் அவரைப் புதைத்துவிட்டு நான் முதல் முதலாகத் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்த குளிர்காலம். நான்கு வருஷம் ஆகிறது. அதோ, அந்தக் கள்ளியில் ஆந்தை கூடு வைத்திருந்தது. பேடி அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். காலையில் உட்கார்ந்தால் இருட்டினால்தான் எழுந்திருப்பான். இவ்வளவு பொறுமைசாலியை நான் பார்த்ததே இல்லை. நடுநடுவே என்னோடு கடைக்கு வருவான், அங்கே வாசலில் இருக்கிற போனில் பேசுவான், திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வான். ஒரு நாள் வந்து தலையைச் சிரைத்துவிடு என்றான். ஜனவரிக் குளிரில்! ஏன் என்றேன். சூடாக இருக்கிறது என்றான்."

நாயின் முடி காற்றில் பறந்து அரிசியில் விழுந்தது. நான் பொறுக்குவதை நிறுத்திவிட்டேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அதே மார்கழியில்தான் என் மாமியாருக்கு ரொம்ப மோசமானது. தையில் போனார். இவர் போன் செய்துகொண்டே இருந்தார். "ஆபீஸ்லேர்ந்து பேசறேன். ப்ராஜெக்ட் முடியற நேரம். லீவே தரமாட்டேங்கறா, ராஜி." இவருடைய சித்தப்பா பிள்ளை மாம்பலத்திலிருந்து வந்து கொள்ளி போட்டான். காரியம் எல்லாம் அவன்தான் செய்தான். கடைசியாக இவர் பேசியபோது போனில் நாய் குரைக்கும் சத்தம் கேட்டது. ஆபீஸில் ஏது நாய் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. கேட்கவில்லை. வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

டோரதிக்கு ஏதோ தெரியாமல் உளறிவிட்டோம் என்று புரிந்துவிட்டது. மெஷினை நிறுத்தினாள். "நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா?" என்றாள். இல்லை, நன்றி என்றேன்.

மறுநாள் காலை மலைப்பக்கம் போனோம். நம் வரையாடு மாதிரி, ஆனால் சுருண்ட பெரிய கொம்போடு ஒரு காட்டு ஆடு அங்கே உண்டாம். இந்தக் குளிர்காலத்தில் அது இன்னும் கண்ணில் படவில்லை என்று இவருக்கு ஏக்கம். ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து எதிர்ச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கேட்டேன்.

"அம்மா போனப்போ நீங்க எங்க இருந்தேள்?"

பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

"டோரதி சொன்னாளா?"

"நான் ஒங்களைக் கேக்கறேன்."

"இங்கதான்."

"லீவு கெடைக்கலைன்னேளே."

"லீவுலதான் இருந்தேன்." குரல் தணிந்துபோயிருந்தது. "டிக்கெட்கூட விசாரிச்சேன், ராஜி. வந்தா அப்புறம் திரும்பிப் போக முடியாதுன்னு பயமா இருந்தது. அம்மா என் கையைப் பிடிச்சுண்டு, போகாதேடான்னு சொல்லிட்டா..."

"எந்தக் கையால?"

அவர் பைனாகுலரின் வாரைத் திருகினார்.

"எந்தக் கையால பிடிச்சுப்பா? வலது கை அசையாது. எடது கையில விரலைக்கூட மடக்க முடியாம போயிடுத்து, கடைசி வருஷம். ஒங்களுக்கு அதுவே தெரியாதே."

"நான் இங்க எல்லாம் பண்ணினேன். பத்தாம் நாள் மொட்டை போட்டுண்டேன். ஓடையில தண்ணி இல்ல. கேன்ல கொண்டு வந்து தர்ப்பணம் பண்ணினேன்."

"அம்மாக்கு வேண்டியிருந்தது அது இல்ல. கடைசி நாலு நாள் அவளுக்கு ஆள் தெரியலை. நான் கிட்டப் போனா, 'பப்பு, வந்துட்டயாடா'ன்னு கேப்பா. எத்தனை தடவைதான் இல்லைன்னு சொல்றது? 'வந்துட்டேம்மா'ன்னேன். குரலைத் தடிமனா வெச்சுண்டு, ஒங்களை மாதிரி. அதுக்கப்புறம்தான் அவ பால் முழுங்கினா."

இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் முகம் கோணியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து எதிர்ச் சரிவில் ஒரு கல் உருண்டது. பாறை விளிம்பில், வானத்தை ஒட்டி, அந்த ஆடு நின்றது. கொம்பு காதைச் சுற்றி முழு வட்டமாக வளைந்திருந்தது.

அவர் பைனாகுலரைத் தூக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

கண்ணீரை மறைக்கத்தான் அப்படிச் செய்திருப்பார் என்று டோரதி பின்னால் சொன்னாள். இருக்கலாம். ஆடு போன பிறகும் அவர் அதை இறக்கவில்லை. நான் எழுந்து வண்டிக்குத் திரும்பி நடந்துவிட்டேன். ஊருக்குப் போகிறேன், பஸ் நிற்கிற இடத்தில் கொண்டுவிடுங்கள் என்று அன்றைக்கே சொன்னேன். "இன்னும் ஒரு மாசம் இருக்கே" என்றார். விசாவைச் சொன்னார் போல.

மறுநாள் கிளம்பியபோது குறுக்கு வழி என்று ஒரு காய்ந்த ஓடைக்குள் வண்டியை இறக்கினார். நடு ஓடையில் பின் சக்கரம் மணலில் புதைந்தது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை. இவரிடம் ஒரு சின்ன மண்வெட்டி இருந்தது. நான் சமையல் சட்டியை எடுத்துக்கொண்டேன். ஆளுக்கொரு சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு மணலை வாரினோம். நான் வார வார மணல் சரிந்தது. "அந்தப் பக்கம் தள்ளு", "இல்லை, இங்க" என்பதைத் தவிர ஒரு பேச்சில்லை. புது வீட்டுக்கென்று நான் கொண்டுபோன பவானி ஜமக்காளம் இரண்டையும் சக்கரத்துக்கு அடியில் திணித்தோம். கல்யாணமாகி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும்.

நான் பின்னாலிருந்து தள்ள, அவர் ஓட்ட, வண்டி ஒரு உறுமலோடு மேலேறியது. ஜமக்காளம் கிழிந்து மணலில் கிடந்தது. அவர் குதித்து இறங்கி, தலை முழுக்க மணலோடு, "பார்த்தயா! ரெண்டு பேருமா சேர்ந்து தூக்கிட்டோம் பார்த்தயா!" என்று சிரித்தார். கல்யாணத்தன்று பார்த்த சிரிப்பு. நானும் சிரித்திருக்கலாம். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. மணலை உதறிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

பஸ் நிற்கும் ஊர் என்பது ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சாப்பாட்டுக் கடை, அவ்வளவுதான். கடையில் எனக்கு உருளைக்கிழங்கு வறுவலும் காப்பியும் வாங்கிக் கொடுத்தார். காப்பி வெந்நீர் மாதிரி இருந்தது. பஸ் வந்தது. டிரைவர் என் பெட்டியை அடியில் வைத்து மூடினார். நான் படியில் கால் வைத்தபோது இவர் பின்னால் வந்து நின்றார்.

"ராஜி, நானும் ஊருக்கு வந்துடட்டுமா?"

படியிலேயே நின்றேன். கேட்க இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. "எதுக்கு?" என்றேன். அவரைக் குத்த வேண்டுமென்று கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் யோசித்தார். டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரே ஒரு சரியான வார்த்தை வந்திருந்தால் பெட்டியை இறக்கச் சொல்லியிருப்பேன்.

"இல்ல, சும்மாதான். அங்கயும் பள்ளிக்கரணையில குளிர்காலத்துல நெறையப் பறவை வருமே."

நான் மேலே ஏறிக்கொண்டேன். கதவு மூடிக்கொண்டது. பஸ் திரும்பும்போது அவர் அதே இடத்தில் நின்று தொப்பியை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்து இருக்கையில் ஒரு மெக்சிகோக்கார அம்மாள். மடியில் பெரிய பை, அதற்குள்ளிருந்து மக்காச்சோள வாசனை. என் முகத்தைப் பார்த்தாள், ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தாள். அரைகுறை இங்கிலீஷில் கேட்டாள்.

"அது யார்? உன் அண்ணனா?"

"என் மாமியாரோட பிள்ளை" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் மனசுக்குள் கணக்குப் போட்டாள். பிறகு புரிந்துகொண்டு என் முழங்கையைத் தொட்டாள். எழுந்து, ஜன்னலோரம் உட்கார்ந்துகொள், வெளியே பார்த்துக்கொண்டு வரலாம் என்று இடத்தைக் காட்டினாள். வேண்டாம், நீங்களே இருங்கள் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அங்கே பார்க்க வேண்டியது ஒன்றும் பாக்கியில்லை.